தீவனப் பதிவேட்டில் ‘ஓர்ட்ஸ்’: எதை எழுதுவது?

கேள்வி: மாதவரம் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணையில் தீவனக் கணக்கு எழுதுகிறேன். ஆங்கிலத்தில் அச்சடித்த பதிவேட்டில் ‘ஓர்ட்ஸ்’ என்று ஒரு பத்தி இருக்கிறது. அகராதி, சாப்பாட்டு மிச்சம் என்கிறது. மேலாளரோ, “வேஸ்ட்தான் அது, சைபர் போட்டுவிடு” என்கிறார். எதைப் போடுவது?
– வாசகி, கொடுங்கையூர்

பதில்: சைபர் போடாதீர்கள். மாடு தின்னாமல் தொட்டியில் விட்டுவைத்த தீவனத்தின் எடைதான் அந்தப் பத்திக்கு உரியது.

அகராதி சொல்வதும் தவறில்லை. சட்டியில் மீந்ததை மிச்சம் என்போம், இலையில் ஒதுக்கியதை எச்சில் என்போம். ஓர்ட்ஸ் இந்த இரண்டாவது வகை. ஷேக்ஸ்பியர் நாடகங்களிலும் வருகிற சொல். ஆனால் 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இது மாடு தின்னாமல் ஒதுக்கிய தீவனத்தைத்தான் குறித்தது. மனிதர் சாப்பாட்டுக்கு வந்தது பிறகுதான். பேச்சில் கிட்டத்தட்ட மறைந்துவிட்ட ஒரு சொல் மாட்டுக் கொட்டகையில் தன் பழைய பொருளோடு இன்னும் புழங்குவதில் எனக்குத் தனி சந்தோஷம். ‘ஸ்போர்ட்ஸ்’ போல ஓகாரத்தோடு சொல்லுங்கள், பன்மையிலேயே எழுதுங்கள். வீட்டில் மீந்த பிரியாணிக்கு ‘லெஃப்ட்ஓவர்ஸ்’ போதும்.

எடை போடுவது எப்படி? தினமும் காலையில் புதுத் தீவனம் கொட்டுவதற்கு முன்னால், ஒரே நேரத்தில் தொட்டியை வழித்து நிறுங்கள். சாணம் பட்டதையும் தண்ணீர் சிந்தி நனைந்ததையும் அப்படியே சேர்த்து நிறுத்தால் கணக்கு கெடும்.

மேலாளரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: துடைத்து வைத்தாற்போலத் தொட்டி காலியாக இருந்தால் மாட்டுக்குத் தீவனம் போதவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். நன்றாகப் பால் கறக்கும் மாடுகளுக்கு, போட்டதில் 3 முதல் 5 சதவீதம் மிஞ்சும் அளவுக்குப் போடுவதுதான் வழக்கம். அதைவிட நிறைய மிஞ்சினால், மிஞ்சியது என்ன என்று கையால் கிளறிப் பாருங்கள். இலையெல்லாம் போய்த் தடித்த தண்டு மட்டும் கிடந்தால், தீவனத்தை இன்னும் சிறிதாக நறுக்க வேண்டும். இலையும் சேர்ந்தே கிடந்தால் மாட்டின் உடம்பைக் கவனியுங்கள். தீவனம் சூடேறிப் புளித்திருக்கிறதா என்றும் முகர்ந்து பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் நறுக்கிக் குவித்த பசுந்தீவனம் சீக்கிரம் சூடேறிவிடும்.

அப்புறம் கழித்தல் கணக்கு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 30 கிலோ பசுந்தீவனம் போட்டு 3 கிலோ மிஞ்சியது, ஆக 27 கிலோ தின்றது என்று நிறுத்திவிடக் கூடாது. ஈரத்தை நீக்கினால் எஞ்சுகிற எடையைத்தான், அதாவது உலர்பொருளைத்தான், கணக்கில் எடுக்க வேண்டும். போட்ட தீவனத்தில் உலர்பொருள் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்: 6 கிலோ. மிஞ்சிய தண்டு காய்ந்து 30 சதவீதம் ஆகியிருந்தால் அதில் 0.9 கிலோ. மாடு தின்ற உலர்பொருள் 5.1 கிலோதான். எல்லாவற்றுக்கும் 20 சதவீதமே என்று போட்டால் 5.4 கிலோ வரும். ஒரு மாட்டுக்கு ஒரு நாளில் 300 கிராம் தப்பு. அதனால் போட்டதிலும் மிஞ்சியதிலும் தனித்தனியாக 100 கிராம் எடுத்து, எடை மேற்கொண்டு குறையாத வரை உலர்த்தி நிறுங்கள். கடைசியில் எத்தனை கிராம் நிற்கிறதோ அதுவே உலர்பொருள் சதவீதம். ‘ஓர்ட்ஸ்’ பத்திக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு கோடு கிழித்து அதையும் எழுதிவையுங்கள்.