சில்க் மார்க் அட்டை சரிகைக்குப் பொறுப்பேற்காது

கேள்வி: ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போனபோது ஆட்டோக்காரர் ஒருவர், "கடையெல்லாம் வேண்டாம், நெசவாளர் வீட்டிலேயே வாங்கலாம்" என்று ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். அரக்குக் கரை போட்ட மாம்பழ மஞ்சள் சேலை, 24,000 ரூபாய். சில்க் மார்க் அட்டை இருக்கிறது, சரிகை அசல் வெள்ளி, பின்னாளில் விற்றாலும் சரிகைக்கே பாதி விலை வரும் என்கிறார்கள். 3,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். நூலை எரித்துப் பார்த்துவிட்டு வாங்கிவிடலாமா? (வாசகி, விழுப்புரம்)

சகோதரி, பாக்கி 21,000 ரூபாயை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள். அந்தச் சேலையைப் பார்க்காமல் போலி என்று நான் சொல்ல முடியாது. ஆனால் உங்களுக்கு இருப்பது சரிகையைப் பற்றிய சந்தேகம், அவர்கள் காட்டியதோ பட்டுக்கான அட்டை.

சில்க் மார்க் 2004-ல் வந்தது, மத்திய பட்டு வாரியத்தின் ஏற்பாடு. இந்தத் துணியில் இருப்பது இயற்கைப் பட்டு, அவ்வளவுதான் அது சொல்வது. கைத்தறியா விசைத்தறியா, காஞ்சியில் நெய்ததா, சரிகையில் வெள்ளி இருக்கிறதா, எதற்கும் அது பொறுப்பில்லை. கைத்தறிக்கு வேறு முத்திரை, ஊருக்குப் புவிசார் குறியீடு என்று இன்னொன்று. இத்தனை அட்டைகள் தொங்கவிட ஏற்பாடு செய்தவர்களுக்கு, சேலையின் விலையையே தூக்கி நிறுத்துகிற சரிகைக்கு ஒரு கட்டாய முத்திரை வைக்க ஏன் தோன்றவில்லை? தங்க நகைக்கு 2021-லிருந்து ஹால்மார்க் கட்டாயம். வெள்ளி என்று சொல்லி விற்கும் சரிகைக்கு மட்டும் கடைக்காரர் வாய்ச்சொல்தான் அத்தாட்சி. வருடக்கணக்காகப் பலரும் கேட்டுக்கொண்டிருக்கிறோம், கூட்டம் போடுகிறார்கள், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

எரித்துப் பார்ப்பது பட்டுக்கு உதவும். பாவிலிருந்து, அதாவது நீளவாட்டில் ஓடும் நூலிலிருந்து ஒரு இழை, ஊடையிலிருந்து, அதாவது குறுக்கே ஓடும் நூலிலிருந்து ஒரு இழை, இரண்டையும் தனித்தனியாக எடுங்கள், ஏனென்றால் பாவு பட்டாகவும் ஊடை செயற்கை நூலாகவும் இருக்கும் சேலைகள் சந்தையில் உண்டு, ஓரக் குஞ்சத்தில் ஒரே ஒரு நூலைப் பிய்த்து எரித்துக் காட்டுகிறவருக்கு அது தெரியாமல் இருக்காது. பட்டு முடி கருகுகிற வாசனையோடு எரியும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி உருண்டையாகிவிடும்.

சரிகைக்கு இந்த வித்தை பலிக்காது. அசல் சரிகையில் சிவப்புப் பட்டு இழைமேல் வெள்ளித் தகட்டைச் சுற்றி மேலே தங்க முலாம் பூசியிருப்பார்கள், அதனால் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியும் என்பார்கள். உண்மைதான். ஆனால் இது விற்கிறவர்களுக்கும் தெரியும், செம்புச் சரிகைக்கும் உள்நூலைச் சிவப்பாகவே சாயம் போட்டுவிடுகிறார்கள். ஆக, உள்ளே வெள்ளை நூல் தெரிந்தால் போலி என்று வைத்துக்கொள்ளலாம், சிவப்பு தெரிந்தால் ஒன்றும் தெரியாது. நம்பகமான வழி சரிகை சோதிக்கும் இயந்திரம்தான். சேலையில் கீறல்கூட விழாது, சில நிமிடத்தில் தங்கம், வெள்ளி, செம்பு எவ்வளவு என்று சொல்லிவிடும். பட்டுக் கூட்டுறவு சங்கங்களிலும் பெரிய கடைகள் சிலவற்றிலும் இருக்கிறது. மீதிப் பணம் தருவதற்கு முன் அங்கே கொண்டுபோகலாம் என்று சொல்லிப் பாருங்கள். அசல் சரிகை போட்டவருக்கு மறுக்கக் காரணமே கிடையாது.

இப்போது அந்த 'நெசவாளர் வீடு'. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. காஞ்சிபுரத்து நெசவாளர்களில் பெரும்பாலோர் கூலிக்கு நெய்கிறவர்கள். பாவும் சரிகையும் மாஸ்டர் வீவரோ (நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்யவைக்கும் முதலாளி) சங்கமோ தருவது, நெய்து முடித்த சேலை அவர்களிடமே திரும்பிப் போய்விடும். தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சேலையை விற்க உரிமையே இல்லை. அப்படியிருக்க, ஒரு வீட்டுக் கூடத்தில் ஐம்பது அறுபது சேலை அடுக்கியிருந்தால் அது இடைத்தரகரின் சரக்கு. முன்னறையில் ஒரு தறி ஓடிக்கொண்டிருக்கும், அது உங்கள் கண்ணுக்காக. கூட்டிவந்தவருக்கு, நெய்தவருக்கு, வீட்டுக்காரருக்கு என்று எல்லாப் பங்கும் உங்கள் 24,000-க்குள்தான். நெய்த கைக்குப் போவது அதில் மிகக் கொஞ்சம் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

சேலையை மறுபடி பார்க்கப் போகும்போது கரையும் உடலும் சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். கோர்வை போட்டதென்றால், அதாவது கரையையும் உடலையும் தனித்தனி ஊடையால் நெய்து இணைத்ததென்றால், உடலுக்கு ஒரு நாடா (தறியில் ஊடை நூலைக் கொண்டு ஓடுவது), இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா என்று மூன்று ஓடியிருக்கும், மஞ்சள் ஊடை அந்த எல்லையிலேயே அரக்கு ஊடையோடு பின்னித் திரும்பிவிடும். அதனால் கரை கலப்பில்லாத அரக்காக இருக்கும். கோர்வை இல்லையென்றால் மஞ்சள் ஊடை கரைக்குள்ளும் போய், வெளிச்சத்தில் பிடித்தால் அரக்கில் ஓர் ஆரஞ்சு சாயல் அடிக்கும். கோர்வை என்று சொல்லி விலை சொல்லியிருந்தால் இதைக் காட்டிக் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெள்ளி குறைந்த சரிகை என்றாலே ஏமாற்று என்று அர்த்தமில்லை. செம்பில் வெள்ளி முலாம் பூசிய சரிகையை, ஹாஃப் ஃபைன் என்பார்கள், அப்படியே சொல்லி அதற்கேற்ற விலைக்கு விற்றால் அது நேர்மையான சரக்கு. உடல் சுத்தப் பட்டு, கைத்தறி, கோர்வை, சரிகை மட்டும் செம்பு என்றால் தாராளமாக வாங்கலாம். எடை குறைவாக வரும், மணையில் பல மணி நேரம் உட்காரும் பெண்ணுக்கு அது சௌகரியம்தான். நாளாக ஆகக் கறுக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். 24,000-க்கு இப்படியொரு சேலை தெரிந்தே வாங்கினால் உங்களுக்கு நஷ்டம் என்று நான் சொல்லமாட்டேன். செம்பை வெள்ளி என்று விற்பதுதான் குற்றம், செம்பு போடுவது குற்றமில்லை. என்னிடம் வருகிற பாதிப் பேர் இந்த வித்தியாசத்தைக் கேட்காமலே பதறுகிறார்கள், மீதிப் பேர் கேட்காமலே வாங்கிவிடுகிறார்கள்.

பில் விஷயம். 'எஸ்டிமேட்' என்று போட்ட துண்டுச்சீட்டை வாங்காதீர்கள், நுகர்வோர் நீதிமன்றத்தில் அதை வைத்து வாதாடுவது பெரும்பாடு. சுத்தப் பட்டு, கைத்தறி, சரிகையில் வெள்ளி இத்தனை சதவீதம் என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் 3,000 போனாலும் பரவாயில்லை, எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக அந்தப் பாதி விலைக் கணக்கு. சரிகையை 'மார்க்' என்ற எடைக் கணக்கில் விற்பார்கள், ஒரு மார்க் சுமார் 240 கிராம். அதில் 40 சதவீதம் வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 96 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பாருங்கள், அப்புறம் உங்கள் சேலையில் ஒரு மார்க் முழுசாகப் போயிருக்கிறதா என்றும் அவரிடம் கேளுங்கள். பழைய பட்டு எடுக்கத் தெருவில் வருகிறவர் இந்த விலையைத் தரமாட்டார். ஓரத்தைக் கொளுத்திப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, மொத்தமாக ஒரு தொகை சொல்வார். வீட்டில் உங்கள் அம்மா காலத்துச் சேலை ஏதாவது இருந்தால் அவரிடம் போடாமல், அதே சோதனை இயந்திரத்தில் முதலில் காட்டி வெள்ளி எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், விலை பேசுவது அதற்கப்புறம்.