வருமான வரி போனால் எந்த வரி வரும்?

கேள்வி: சுங்க வரி கொட்டோ கொட்டென்று கொட்டுவதால் அமெரிக்காவில் வருமான வரியையே எடுத்துவிடலாம் என்கிறார் அதிபர் டிரம்ப். 1913 வரை பெரும்பாலான காலம் அந்த வரி இல்லாமல்தானே அந்த நாடு முன்னேறியது? நியூ ஜெர்சியில் வேலை பார்க்கும் என் மகனின் சம்பளத்தில் பெரும் தொகை வரிக்கே போகிறது. உழைப்பவனிடம் பிடுங்கும் இந்தக் கொள்ளையை ஒழித்தால் உங்களுக்கு என்ன நஷ்டம்?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் 'கொள்ளை' என்று சொல்லிவிட்டால் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது. கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

2025 நிதியாண்டில் வாஷிங்டனுக்குத் தனிநபர் வருமான வரியாக வந்தது சுமார் 2.65 லட்சம் கோடி டாலர். நீங்கள் கொட்டுகிறது என்று சொல்லும் சுங்கம், சுமார் 19,500 கோடி டாலர். பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. அங்கே ஓராண்டில் இறக்குமதியாகும் சரக்கின் மொத்த மதிப்பே 3.3 லட்சம் கோடி டாலர் அளவுதான். வருமான வரியை ஈடுகட்ட வேண்டுமானால் எல்லாச் சரக்கின் மீதும் 80 சதவீதம் சுங்கம் போட வேண்டும். போட்ட பிறகும் ஒரு பெட்டிகூடக் குறையாமல் கப்பல்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். வருமா? 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் என்றதும் அமெரிக்க ஆர்டர்கள் என்ன ஆயின என்று திருப்பூரில் விசாரியுங்கள். இறக்குமதியைத் தடுத்து உள்ளூர்த் தொழிலைக் காப்போம் என்கிறார்கள். அதே இறக்குமதியில் வசூல் செய்து அரசாங்கம் நடத்துவோம் என்றும் அவர்களே சொல்கிறார்கள். சரக்கு நின்றால் வசூலும் நின்றது.

செலவைக் குறைக்கலாமே என்பீர்கள். ராணுவத்தை மொத்தமாகக் கலைத்து வீட்டுக்கு அனுப்பினாலும் மிச்சம் 1 லட்சம் கோடி டாலருக்குள்தான். வருமான வரியை வாங்கிக்கொண்டே ஆண்டுக்குச் சுமார் 1.8 லட்சம் கோடி டாலர் துண்டு விழும் கஜானா அது.

1913-க்கு வருவோம். அதற்கு முன் நாடு வளர்ந்தது, மறுக்கவில்லை. முதியோருக்கு சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியம் (1935) இல்லாத, மெடிகேர் என்ற மருத்துவக் காப்பீடு (1965) இல்லாத சின்ன அரசாங்கம். அதன் கஜானா இரண்டு காலில் நின்றது: ஒன்று சுங்கம், மற்றது மது, புகையிலை மீதான வரி. (மதுவை நம்பிய கஜானாவைப் பற்றித் தமிழ் வாசகருக்கு நான் பாடம் எடுக்க வேண்டாம்.) தெற்கிலும் மேற்கிலும் இருந்த விவசாயி, கலப்பைக்கும் சட்டைத் துணிக்கும் சுங்கம் ஏறிய விலை கொடுத்தான். அந்தச் சுங்கத்தின் நிழலில் வடகிழக்கு ஆலை முதலாளி கொழுத்தார். அவர் வருமானத்துக்கு வரி கிடையாது. வருமான வரி வேண்டும் என்று கொடி பிடித்தவர்கள் அந்த விவசாயிகள்தான். 1894-இல் 4,000 டாலருக்கு மேல் 2 சதவீதம் என்று சட்டம் வந்தது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அதை அடித்துப் போட்டது. பிறகு அரசியல் சட்டத்தையே 16-ஆவது முறையாகத் திருத்தி, 1913-இல் மீண்டும் கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டத்தில் வருமான வரிப் பகுதியை எழுதியவர் டென்னசி மலைப்பகுதியிலிருந்து வந்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர் கார்டெல் ஹல். 3,000 டாலருக்கு மேல் 1 சதவீதம், 5 லட்சம் டாலரைத் தாண்டினால் 7 சதவீதம். அதே சட்டம் சுங்கத்தைக் குறைத்தது. வாங்குகிறவன் தலையில் இருந்த சுமையைச் சம்பாதிக்கிறவன் தோளுக்கு மாற்றினார்கள். இன்று அதைத் திருப்பி மாற்றச் சொல்கிறார்கள்.

சுங்கம் யாரைக் கடிக்கும் என்பதற்கு அமெரிக்காவின் பழைய அட்டவணையே சாட்சி. டிரம்புக்கு வெகு காலம் முன்பிருந்தே காஷ்மீர் ஆட்டு ரோம ஸ்வெட்டருக்கு 4 சதவீதம், கம்பளி ஸ்வெட்டருக்கு 16, ஏழை வாங்கும் அக்ரிலிக் ஸ்வெட்டருக்கு 32. ஆடம்பரத்துக்குக் குறைவு, குளிருக்கு அதிகம்!

இன்னொரு கூட்டம் 'ஃபேர் டாக்ஸ்' என்கிறது. வருமான வரியையும் வரித்துறையையும் மூடிவிட்டு, தேசிய விற்பனை வரி 23 சதவீதம். இந்த 23 எப்படி வருகிறது தெரியுமா? 100 டாலர் பொருளுக்கு 30 டாலர் வரி. அந்த 30-ஐ 130-ஆல் வகுத்தால் 23. கடைக்காரர் யாரும் இப்படிச் சதவீதம் போட்டு நான் பார்த்ததில்லை. எல்லாக் குடும்பங்களுக்கும் மாதாமாதம் ஈட்டுத் தொகை அனுப்புவார்களாம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆயுள் முழுக்க வருமான வரி கட்டி மிச்சம் பிடித்த 70 வயதுக்காரர், அந்தச் சேமிப்பை எடுத்து மருத்துவருக்குக் கொடுக்கும்போது மறுபடியும் வரி கட்டுவார்.

உங்கள் மகனுக்கு லாபமா? லாபம்தான், மழுப்ப மாட்டேன். ஆனால் வருமான வரி மட்டும் போனால், அவருடைய சம்பளச் சீட்டில் சோஷியல் செக்யூரிட்டி 6.2, மெடிகேர் 1.45 சதவீதம், நியூ ஜெர்சி மாநில வரி எல்லாம் அப்படியே இருக்கும். கூட்டாட்சி வருமான வரியில் சுமார் 40 சதவீதத்தைக் கட்டுவது உச்சியில் உள்ள 1 சதவீதம். கீழ்ப் பாதியினர் எல்லாரும் சேர்ந்து கட்டுவது 3 சதவீதம் அளவு. ஒழித்தால் யாருக்கு எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். கீழ்ப் பாதிக்கு இழப்பு வேறு இருக்கிறது: குறைந்த கூலிக்கு உழைப்பவருக்கு 1975 முதல் வருமான வரிப் படிவம் வழியாகவே வந்துகொண்டிருக்கும் சலுகைப் பணம், படிவம் போனால் போய்விடும்.

இருக்கிற வரி யோக்கியமானதா என்றால், இல்லை. பெரும் பணக்காரர் பங்கை விற்காமல் அதன் மேல் கடன் வாங்கிச் செலவழிக்கிறார். விற்காதவரை ஆதாயத்துக்கு வரி இல்லை. மாதச் சம்பளக்காரருக்கு அந்த வழி கிடையாது. அந்த ஓட்டையை அடைக்கச் சொன்னால் உங்களோடு சேர்ந்து நானும் கத்துவேன்.

வருமான வரி ஒழிப்பை ஒரு மாநிலம் சோதித்தும் பார்த்தது. 2012-இல் கேன்சஸ் ஆளுநர் சாம் பிரவுன்பேக், மாநில வருமான வரியைப் படிப்படியாகப் பூஜ்யமாக்கப் போவதாகச் சொல்லி ஆழமாக வெட்டினார். பல தொழில் முதலாளிகளின் தொழில் வருமானத்துக்கு வரியே இல்லை என்றார். வளர்ச்சி பொங்கும், கஜானா தானே நிரம்பும் என்றார். 2015-இல் பணமில்லாமல் சில பள்ளி மாவட்டங்கள் கல்வியாண்டை முன்கூட்டியே முடித்தன. அதே ஆண்டு விற்பனை வரியை 6.15-இலிருந்து 6.5 சதவீதமாக ஏற்றினார்கள். பாலும் ரொட்டியும் அதில் அடக்கம். 2017 ஜூனில் அந்த வெட்டுகளை ரத்து செய்து சட்டமன்றம் வாக்களித்தது. ஆளுநர் தடுத்தார், தடையையும் மீறி நிறைவேற்றினார்கள். அந்தச் சட்டமன்றத்தில் பெரும்பான்மை அவருடைய குடியரசுக் கட்சிக்கே.