பழைய அமெரிக்க வாஷிங் மெஷின்களில் எது நன்றாகத் துவைக்கும்? ஒன்றைச் சென்னைக்குக் கொண்டுவரலாமா?

ஒஹையோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் மூன்று நிற்கின்றன. மேடேக் ஒன்று, ஜி.இ. பில்டர்-ஃப்ளோ ஒன்று, வேர்ல்பூல் தயாரித்த கென்மோர் ஒன்று. மூன்றுமே 1970களில் செய்தவை. முறை வைத்து மூன்றிலும் துவைக்கிறோம்.

ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே துணி, ஒரே சோப்புத்தூள், ஒரே சூட்டுத் தண்ணீர் வேண்டும். நான் எட்டு வெள்ளைத் துண்டுகளோடு ஒரு சிவப்புத் துண்டைப் போடுவேன். (சாயம் போகாத துண்டாகப் பார்த்துப் போடுங்கள்.) இந்தப் பழைய மெஷின்களில் மூடியைத் திறந்து வைத்தாலும் துவைப்பது நிற்காது. தொட்டியின் நடுவில் நின்று துணியை அலசும் இறக்கை வைத்த தண்டான அஜிடேட்டரை ஒட்டிச் சிவப்புத் துண்டு உள்ளே போகும், ஓரமாக மேலே வரும். அது எவ்வளவு சீக்கிரம் சுற்றி வருகிறது என்று பார்த்தால் துணி நன்றாகப் புரளுகிறதா என்று தெரிந்துவிடும். என் வீட்டில் இதில் கென்மோர்தான் முதலிடம்.

பஞ்சு பிரிப்பதில் பில்டர்-ஃப்ளோவை மிஞ்ச முடியாது. துவைக்கும் தண்ணீரை பம்ப் மேலே ஏற்றி, அஜிடேட்டர் மேல் உட்கார்ந்திருக்கும் தட்டில் அருவிபோலக் கொட்டிக்கொண்டே இருக்கும். போர்வை துவைத்த நாளில் அந்தத் தட்டை எடுத்தால், டீ வடிகட்டியில் தூள் தங்குவதுபோலச் சாம்பல் நிறப் பஞ்சு ஈரமாகப் படிந்திருக்கும்.

இருந்தாலும் எனக்கு மேடேக்தான். காரணம் அதன் உள்ளே இருக்கும் யோசனை. மோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் துவைக்கும், மறுபக்கம் சுற்றினால் பிழியும். அவ்வளவுதான்! திசை மாறியதும் அடியிலுள்ள புல்லி ஒரு திருகுச்சரிவில் ஏறி பிரேக்கை விடுவிக்க, தொட்டி முழுவதும் சுழலத் தொடங்கும். மோட்டாரோ ஸ்பிரிங் பூட்டிய சறுக்குப் பலகையில் நிற்கிறது. கனமான ஈரத்துணியோடு தொட்டி கிளம்பும்போது மோட்டார் முன்னே நகர்ந்து பெல்ட்டைச் சற்றே வழுக்க விடும். தனியாக கிளட்ச் கிடையாது, பெல்ட்டே அந்த வேலையைச் செய்துவிடும். கென்மோரில் இதே மாற்றத்தை கியர்பாக்ஸ் மேல் ஆடும் ஒரு கைபோன்ற பாகத்தில் பொருத்திய இரண்டு மின்காந்தங்கள் செய்கின்றன. அதுவும் கெட்டிக்கார வேலைதான். ஆனால் மேடேக்கின் முன்தகட்டில் கீழே இரண்டு திருகைக் கழற்றி டார்ச் அடித்தால், எது எதைச் சுற்றுகிறது என்று பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடக் காட்டலாம்.

முதல் தானியங்கி மெஷினான 1937 பெண்டிக்ஸைத் தரையில் போல்ட் போட்டு முடுக்கித்தான் வைக்க வேண்டும். அதிர்வைத் தாங்கும் ஏற்பாடு அதில் இல்லை. 1947இல் வந்த பிரிஜிடேரில் அஜிடேட்டர் பக்கவாட்டில் ஆடாது, மேலும் கீழும் குதிக்கும். பிழியும் வேகம் நிமிடத்துக்கு 1140 சுற்று. அப்போதைய மற்ற பல மெஷின்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! இங்கே பக்கத்தில் டேட்டனில்தான் ஜெனரல் மோட்டார்ஸ் அதைச் செய்தது. நல்ல நிலையில் ஒன்று கிடைக்குமா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தபோது அவருக்குப் பிடித்தது கென்மோர். அந்த மாடலில் வெள்ளைத்துணி துவைத்த சோப்புத் தண்ணீரைப் பக்கத்துத் தொட்டியில் நிறுத்திவைத்து, அடுத்து கலர் துணிக்குத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் வசதி உண்டு. "நாம வாளியில பண்றத இது தானா பண்ணுதே, ஊருக்கு ஒண்ணு அனுப்ப முடியுமாப்பா?" என்றார்.

உங்களுக்கும் அவருக்குச் சொன்ன பதில்தான்: வேண்டாம். இவை 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மெஷின்கள். வோல்ட்டேஜை டிரான்ஸ்பார்மர் வைத்துக் குறைக்கலாம், நம் ஊரின் 50 ஹெர்ட்ஸை அது மாற்றாது. டைமர் மின்சாரத்தின் துடிப்பை எண்ணித்தான் ஓடுகிறது, அதனால் 30 நிமிடத் துவைப்பு 36 நிமிடமாகும். மோட்டாரும் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். அதோடு 120 வோல்ட்டையே கொடுத்தால் சூடேறும், சுமார் 100 வோல்ட்டுக்குக் குறைக்க வேண்டியிருக்கும். அம்மா கிளம்பும் வரை தினமும் கென்மோரிலேயே துவைத்தார், மூடியைத் திறந்து வைத்து.