ஊன்றும் காலைப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு 13 வயது. பாலக்கோட்டில் பள்ளி அணிக்குக் கால்பந்து ஆடுகிறான். உதைத்தால் பந்து தூரம் போவதில்லை. கணுக்காலில் மணல் பை கட்டி உதைத்துப் பழகச் சொல்கிறார் கோச். தொடை பலப்பட என்ன பயிற்சி கொடுக்கலாம்? விலை கூடிய பூட்ஸ் வாங்கலாமா? பத்து நாளாக முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்கிறான்.

ஒரு தகப்பன்

அன்புள்ள நண்பருக்கு,

முதல் வரியில் எழுத வேண்டியதைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். மணல் பையை இன்றே அவிழ்த்துவிடுங்கள். முன்தொடைத் தசை முழங்கால் சில்லு வழியாக இறங்கி, அதற்குக் கீழே உள்ள எலும்பு மேட்டில் போய்ப் பிடிக்கிறது. வளரும் வயதில் அந்த இடம் இன்னும் முழுசாக எலும்பாகியிருக்காது. ஒவ்வொரு உதையும் அதைத்தான் இழுக்கிறது. கணுக்காலில் பாரம் ஏற்றினால் இழுப்பு இன்னும் கூடும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். பிள்ளை வலி என்று சொன்ன பிறகும் பத்து நாள் ஆடவிட்டது தப்பு.

பூட்ஸ் காலுக்குச் சரியாக இருந்தால் போதும்.

உதைக்கும் தொடையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், ஊன்றும் காலைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. கொஞ்ச நாளாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பதும் இதுதான். பந்தின் மேல் கால் படுவது நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம். அதற்குள் எந்தத் தசையாலும் புதிதாக ஒன்றும் செய்ய முடியாது. வேகம் அதற்கு முன்பே வந்துவிட வேண்டும். கால் பின்னால் போகும்போது இடுப்பின் முன்பக்கத் தசைகள் நீள்கின்றன. பிறகு தொடை முன்னே வருகிறது. தொடை வேகம் தணியத் தணிய முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி விசிறிக்கொண்டு பாய்கிறது. பாரம் கட்டினால் இந்த வரிசையே குலைந்துபோகும்.

இத்தனையும் நடக்கும்போது உடம்பைத் தாங்குவது ஒற்றைக் கால். ஊன்றும் கணத்தில் உடம்பு எடையைப் போல் சுமார் இரண்டு மடங்கு விசை அதில் இறங்குகிறது. இடுப்பின் பக்கவாட்டுத் தசை பிடித்து நிறுத்தவில்லையென்றால் இடுப்பு சரியும், முழங்கால் உள்ளே மடியும், பந்து கோணிக்கொண்டு போகும். உங்கள் பக்கத்துச் செம்மண் மைதானம் வெயிலில் காய்ந்து சரளை கிளம்பினால் ஊன்றும் கால் வழுக்கவும் செய்யும்.

அவனை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி முன்னால் நின்று பாருங்கள். டிரவுசரின் இடுப்புப் பட்டை ஒரு பக்கம் இறங்குகிறதா? தூக்கிய கால் பக்கம் இறங்கினால் கோளாறு ஊன்றிய காலின் இடுப்புத் தசையில்தான். ஒருக்களித்துப் படுத்து மேல் காலை நேராக, மெதுவாக உயர்த்தி இறக்கட்டும். பத்துப் பத்தாக மூன்று முறை, இரண்டு காலுக்கும். முழங்காலில் வலி இல்லையென்றால் ஒற்றைக் காலில் நின்றபடி நீங்கள் போடும் பந்தைக் கையால் பிடிக்கட்டும்.

மருத்துவர் ஆடலாம் என்ற பிறகு, ஊன்றும் பாதம் பந்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் தள்ளி, விரல் இலக்கைப் பார்த்து, முழங்கால் லேசாக மடிந்து விழவேண்டும். பாதம் பின்தங்கினால் பந்து மேலே எகிறும். மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, ஊன்றும் பாதம் அதில் விழுகிறதா என்று பாருங்கள். முதல் வாரம் மெதுவான உதை, இருபதுக்கு மேல் வேண்டாம். தூரத்தை இப்போது அளக்காதீர்கள்.