பிரீசெஷனல் கேள்வி பதில்: பிரிட்டனில் முதுநிலைப் படிப்புக்கு முந்தைய கோடை

பிரிட்டனில் முதுநிலைப் படிப்புகள் பெரும்பாலும் செப்டம்பர் பிற்பாதியில் தொடங்கும். அதற்கு முந்தைய கோடையில், சேர இருக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்காகப் பல்கலைக்கழகங்களே 6 வாரம், 10 வாரம் என்று கல்விசார் ஆங்கிலப் பயிற்சி நடத்துகின்றன. அதற்குப் பிரீசெஷனல் என்று பெயர். வட இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் கோடைதோறும் அந்த வகுப்புகளை எடுத்து வருகிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். விசா விதிகள் அடிக்கடி மாறுபவை. விண்ணப்பிக்கும் முன் பிரிட்டன் அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

திருச்சி, வணிகவியல் பட்டதாரி: அக்கா, சேர்க்கைக் கடிதம் வந்துவிட்டது. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 6.5 வேண்டும், எந்தப் பிரிவும் 6-க்குக் குறையக் கூடாது என்கிறார்கள். எழுத்துப் பிரிவில் மட்டும் எனக்கு 5.5. மறுபடி தேர்வு எழுதட்டுமா, பிரீசெஷனலில் சேரட்டுமா?

முதலில் பணக் கணக்கைப் பாருங்கள். தேர்வுக் கட்டணம் ஒப்பீட்டில் மிகக் குறைவு. 10 வாரப் பயிற்சியின் கட்டணமோ பல இடங்களில் 4,000 பவுண்டைத் தாண்டும். வாடகையும் சாப்பாடும் அதற்கு மேல். எனவே இன்னொரு முறை எழுதிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் ஏற்கெனவே இரண்டு முறை எழுதி இரண்டிலும் அதே 5.5 வந்திருந்தால், மூன்றாவது முறைக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பேன். அந்த நிலையில் தேவைப்படுவது பயிற்சி.

அரை பேண்ட், அதாவது தேர்வு மதிப்பெண்ணில் 0.5, குறைந்தால் 6 வாரம், ஒரு பேண்ட் குறைந்தால் 10 வாரமோ அதற்கு மேலோ என்பது பொதுவான வழக்கம். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென்று ஓர் அட்டவணை வைத்திருக்கும். விண்ணப்பிக்கும் கடைசி நாளையும் கவனியுங்கள். பல இடங்களில் மே, ஜூனிலேயே முடிந்துவிடும். ஜூலையில் வரப்போகும் தேர்வு முடிவை நம்பி உட்கார்ந்திருந்தால் இரண்டும் கைநழுவிப் போகும்.

கோயம்புத்தூர், கட்டடப் பொறியாளர் (நீர் மேலாண்மையில் முதுநிலை படிக்க இருப்பவர்): எழுத்துத் தேர்வில் 6.5 வாங்கியவனுக்கு இந்தப் பயிற்சியில் புதிதாக என்ன கிடைக்கும்?

ஐஇஎல்டிஎஸ் கட்டுரை 250 சொல், 40 நிமிடம். மேற்கோள் காட்ட வேண்டியதில்லை, எதையும் படித்துவிட்டு வர வேண்டியதில்லை. உங்கள் சொந்தக் கருத்தைப் பிழையில்லாமல் கோவையாகச் சொன்னால் போதும். முதுநிலைப் படிப்பில் ஒரு பாடத்துக்கான கட்டுரையே 3,000 சொல் வரை போகலாம். ஆய்வேடு 10,000-த்தையும் தாண்டும். அங்கே உங்கள் கருத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பக்கம்கூட நகர முடியாது. யார் என்ன சொன்னார்கள், அவர்கள் எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே முரண்படுகிறார்கள், இதில் உங்கள் நிலைப்பாடு என்ன என்பதை ஒவ்வொரு பத்தியிலும் காட்டியாக வேண்டும்.

உங்கள் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. அமைப்புதான் முக்கியம் என்பதால் தமிழிலேயே தருகிறேன். முதல் வாரத்தில் மாணவர்கள் எழுதும் பத்தி இப்படித் தொடங்கும்: "இன்றைய நவீன உலகில் வெள்ளம் மிகப் பெரிய பிரச்சினைகளுள் ஒன்றாகும். சென்னை வெள்ளத்துக்கு ஆக்கிரமிப்பே காரணம்." முதல் வரியை நான் அடித்துவிடுவேன். கோச்சிங் சென்டரில் மனப்பாடம் செய்வித்த வரி அது. எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் என்பதாலேயே எதற்கும் பயன்படாது. இரண்டாவது வரியின் ஓரத்தில் மூன்று கேள்விகள் எழுதுவேன்: எந்த ஆண்டு வெள்ளம்? யார் சொன்னது? ஆக்கிரமிப்பு மட்டும்தானா?

நான்காவது வாரத்தில் அதே மாணவர் இப்படி எழுதுவார்: "2015 டிசம்பர் தொடக்கத்தில் கொட்டிய பெருமழையே வெள்ளத்துக்கு முதற்காரணம் என்றாலும், பள்ளிக்கரணை போன்ற சதுப்பு நிலங்கள் சுருங்கியது நீர் வடிவதைத் தாமதப்படுத்தியிருக்கக்கூடும்." அதன் பின்னால் இரண்டு ஆய்வுக் கட்டுரைகளின் ஆசிரியர் பெயரும் ஆண்டும் நிற்கும். அடுத்த வரியில், அந்த இரண்டும் எந்த இடத்தில் வேறுபடுகின்றன என்பது வரும். "கூடும்" என்ற அந்தத் தயக்கத்தைக் கவனியுங்கள். சான்று எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரமே பேசும் ஒழுங்கு அது. நம் மாணவர்களுக்கு இதைப் பழக்குவதுதான் எனக்குப் பெரும்பாடு. பள்ளியிலிருந்து அடித்துச் சொல்லியே மதிப்பெண் வாங்கியவர்கள், தயங்கி எழுதினால் விஷயம் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறார்கள். இங்கே திருத்துபவர்கள் நேர்மாறாக நினைப்பார்கள்.

யாழ்ப்பாணம், சட்டத்தில் முதுநிலை படிக்க இருப்பவர்: அக்கா, சாதாரண ஐஇஎல்டிஎஸ் போதுமா, யூகேவிஐ என்று வேறொன்று எழுத வேண்டுமா? விசா ஒன்றா, இரண்டா?

வினாத்தாள் இரண்டுக்கும் ஒன்றுதான். யூகேவிஐ என்பது பிரிட்டன் உள்துறை அங்கீகரித்த மையத்தில், கூடுதல் அடையாளச் சோதனைகளோடு எழுதுவது, கட்டணமும் கூடுதல். நேரில் வந்து படிக்கும் பிரீசெஷனலுக்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் யூகேவிஐ சான்றிதழையே கேட்கும். தெரியாமல் சாதாரணத் தேர்வை எழுதிவிட்டு மறுபடி பணம் கட்டியவர்கள் நிறையப் பேர். தேர்வுக்குப் பதியும் முன்னரே பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.

விசாவுக்கு அடிப்படை, உங்கள் சேர்க்கையை உறுதிசெய்து பல்கலைக்கழகம் தரும் சிஏஎஸ் என்ற எண். பயிற்சிக்கும் பட்டப்படிப்புக்கும் சேர்த்து ஒரே சிஏஎஸ் கிடைத்தால் ஒரே விசாவில் இரண்டும் முடியும். தனித்தனியாகத் தந்தால், பயிற்சி முடிந்ததும் இங்கிருந்தபடியே மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். செலவும் பதற்றமும் இரட்டிப்பு. ஆகவே கட்டணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். காட்ட வேண்டிய பணத்தில் பயிற்சிக் கட்டணமும் சேரும், அந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். இலங்கை, இந்தியா இரண்டிலிருந்தும் 6 மாதத்துக்கு மேல் தங்க வருபவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் தேவை.

சட்டம் படிக்க வருவதால் இன்னொன்று. உங்கள் துறையில் மேற்கோள் அடிக்குறிப்பாக வரும்; ஆஸ்கோலா என்ற முறை. பயிற்சி வகுப்பில் பெரும்பாலும், ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் வாக்கியத்துக்குள்ளேயே தரும் ஹார்வர்டு அல்லது ஏபிஏ முறையைத்தான் சொல்லித்தருவோம். குழம்ப வேண்டாம், ஒன்றைப் பழகியவருக்கு மற்றது வசப்பட அதிக நாளாகாது.

சென்னை, மென்பொருள் நிறுவன ஊழியர்: ஆன்லைனில் படித்தால் வேலையை விடாமல் சமாளிக்க முடியுமா?

முடியாது. கோடையில் இங்கே காலை 9 மணி என்றால் உங்களுக்குப் பிற்பகல் 1:30. வகுப்பு போக, வாசிப்பும் எழுத்தும் தினமும் பல மணி நேரம் பிடிக்கும். வருகைப்பதிவு கண்டிப்பானது. விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்து படிப்பதாக இருந்தால் ஆன்லைன் நல்ல வழி, வாடகை மிச்சம். நேரில் வருபவர்களுக்கு வேறு லாபம் உண்டு: வங்கிக் கணக்கு, மருத்துவரிடம் பதிவு, நூலகம் என்று எல்லாம் செப்டம்பர் நெரிசலுக்கு முன்பே முடிந்துவிடும்.

திருநெல்வேலி, தமிழ் வழியில் படித்த இயற்பியல் பட்டதாரி: புத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுதித்தான் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கினேன். அதையே திருட்டு என்கிறார்களே?

உங்கள் திகைப்பு நியாயமானது. நம் தேர்வு முறை நூலின் வரியை மாற்றாமல் எழுதுவதை மரியாதையாகவும் படித்ததற்குச் சான்றாகவும் பார்க்கிறது. இங்கே அந்த வரி அதை எழுதியவருடைய உடைமை. எடுத்தால் பெயர் சொல்ல வேண்டும். சொற்களை மாற்றி எழுதினாலும் பெயர் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது பாதிதான் பலருக்கு உறைப்பதில்லை.

சொல்லுக்குச் சொல் மாற்றிப் போடுவது மாற்றி எழுதுவதாகாது. "அதிகரித்தது" என்ற இடத்தில் "கூடியது" என்று போட்டு, வாக்கியத்தின் எலும்புக்கூட்டை அப்படியே விட்டுவைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். வகுப்பில் நான் செய்ய வைப்பது இது: பத்தியைப் படியுங்கள், தாளைக் கவிழ்த்து வையுங்கள், அருகில் இருப்பவரிடம் வாயால் சொல்லுங்கள், பிறகு சொன்னதை எழுதுங்கள், கடைசியில் மூலத்தோடு ஒப்பிடுங்கள். வாயால் சொல்ல வராவிட்டால், பத்தி புரியவில்லை என்று பொருள். அப்போது மொழியைத் திருத்திப் பயனில்லை, மறுபடி படிக்கத்தான் வேண்டும்.

பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதிகளைக் கண்டறியும் டர்னிட்டின் என்ற மென்பொருள் காட்டும் விழுக்காட்டைப் பற்றியும் பலர் கேட்டிருக்கிறார்கள். 20 விழுக்காடு ஆபத்து, 10 விழுக்காடு பத்திரம் என்றெல்லாம் எதுவும் கிடையாது. முறையான மேற்கோள்களும் நூற்பட்டியலும் சேர்ந்து 25 காட்டலாம், குற்றமில்லை. ஒரே ஒரு பத்தியைச் சுட்டிருந்தால் 5 காட்டினாலும் விசாரணைதான். அறிக்கையை மனிதர்தான் படிக்கிறார்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: சாட்ஜிபிடி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

கேட்டதற்கு நன்றி, மனதில் வைத்துக்கொண்டு கேட்காமல் இருப்பவர்கள்தான் அதிகம். எதை அனுமதிப்பது என்பதில் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம், பாடத்துக்குப் பாடம் விதி வேறு. கடினமான கட்டுரை புரிவதற்குப் பயன்படுத்துவதைப் பல இடங்களில் ஏற்கிறார்கள். எழுதவைத்துத் தன் பெயரில் கொடுப்பதை ஏற்பதில்லை. கருவி சொல்லும் மேற்கோள்களை நம்பி, உலகத்திலேயே இல்லாத கட்டுரையை நூற்பட்டியலில் சேர்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நூலகத் தேடலில் அரை நிமிடத்தில் அது வெளிப்பட்டுவிடும். தவிர, எழுதியதைப் பற்றி நேரில் பேச வைக்கும் மதிப்பீடுகள் கூடிக்கொண்டே வருகின்றன. "இந்தப் பத்தியில் ஏன் இந்த ஆய்வை எடுத்தீர்கள்?" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

மதுரை, ஆங்கில வழிப் பள்ளியில் படித்தவர்: பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில மதிப்பெண்ணை வைத்தே எனக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். நானும் சேர வேண்டுமா?

வேண்டியதில்லை. செப்டம்பரில் படிப்பு தொடங்கியபின், பிரீசெஷனல் எடுக்கும் அதே துறையினர் நடத்தும் இலவச எழுத்துப் பட்டறைகள் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் உண்டு. முதல் மாதத்திலேயே பதிந்துவிடுங்கள். சரளமாகப் பேசுபவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. முதல் கட்டுரையில் 50-க்குக் கீழே மதிப்பெண் வந்த பிறகு ஓடி வருகிறார்கள். முதுநிலையில் 50 என்பது தேர்ச்சிக் கோடு, 70-க்கு மேல் போனால் மிக உயர்ந்த தரம். 65 வந்தால் வருத்தப்படாதீர்கள், வீட்டாருக்கும் முன்கூட்டியே இதை விளக்கிவிடுங்கள்.

நாமக்கல், சமூகப்பணி மாணவி: என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களா? கலந்துரையாடலில் பேசவே பயமாக இருக்கிறது.

வகுப்பில் உங்களோடு உட்காரப் போகிறவர்கள் சீனா, தாய்லாந்து, துருக்கி, சவூதி என்று பல நாட்டவர்கள். அவரவர் உச்சரிப்பு அவரவருக்கு. நாங்கள் மதிப்பிடுவது புரிகிறதா என்பதைத்தான். உண்மையான சிக்கல் வேறு: பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் நுழைவது எப்படி என்று தெரியாமல் வாய்ப்புக்காகக் காத்திருந்து மணி முடிந்துவிடும். இதற்குச் சில தொடர்களை வாய்க்குப் பழக்கிக்கொள்ள வேண்டும்: முன்னவர் சொன்னதை ஒப்புக்கொண்டு ஒன்று சேர்ப்பதற்கு, மாறுபடுவதற்கு, புரியாததை மறுபடி கேட்பதற்கு. கலந்துரையாடலுக்குப் போகுமுன் ஒரு கேள்வியை எழுதி எடுத்துச் செல்லுங்கள். முதல் ஐந்து நிமிடத்துக்குள் அதைக் கேட்டுவிட்டால் பிறகு பயம் தானாக விலகும். விரிவுரையாளரைப் பெயர் சொல்லி அழைப்பதற்கும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். "சார்", "மேடம்" என்றால் அவர்கள்தான் கூச்சப்படுவார்கள்.

பலர் கேட்டது: பயிற்சியில் தோற்றால்?

பட்டப்படிப்பில் சேர முடியாது. விசாவும் அதோடு கேள்விக்குறியாகும். தொடர்ந்து வந்து, ஒவ்வொரு வரைவுக்கும் தரும் திருத்தங்களைச் செய்பவர்கள் தோற்பது அரிது. தோற்பவர்கள் பெரும்பாலும் வகுப்புக்கு வராதவர்கள், அல்லது பிறர் எழுதியதைக் கொடுத்தவர்கள்.

மறுபடியும் திருச்சி: பதிலுக்கு நன்றி அக்கா. கிளம்புவதற்கு முன் இங்கேயே என்ன செய்யலாம்?

மான்செஸ்டர் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் அகடமிக் ஃபிரேஸ்பேங்க் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட, ஐயப்பட, வரையறுக்க என்று வேலைவாரியாகத் தொடர்கள் இருக்கும். நியூசிலாந்தின் எவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் உள்ளன. மனப்பாடம் செய்யாமல், தெரியாதவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் துறையில் ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அந்தப் பத்தி என்ன செய்கிறது என்று தமிழிலேயே எழுதுங்கள்: முந்தைய ஆய்வைச் சொல்கிறது, குறையைக் காட்டுகிறது, தன் கேள்வியை வைக்கிறது என்று. வாரத்துக்கு ஒரு கட்டுரை போதும். தட்டச்சு மெதுவாக இருந்தால் அதையும் பாருங்கள். கணினியில் எழுதும் தேர்வில் அதனால் நேரம் இழப்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.