மச்சான் கோயில் தலைவர், கரண்ட் டோக்கன் என் கார்டில்

கேள்வி: எனக்கு வயது 46. டர்பனில் ஒரு கிடங்கில் வேலை, கைக்கு வருவது 17,400 ராண்ட். எங்கள் சாட்ஸ்வொர்த் கோயில் மூலம் ஒன்பது ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் தலா 200 ராண்டுக்குப் பிரீபெய்ட் கரண்ட் வாங்கிக் கொடுக்கிறோம். கோயில் தலைவர் என் மனைவியின் அண்ணன். “இப்போதைக்கு நீங்கள் போட்டுவிடுங்கள், காவடி வசூல் வந்ததும் தருகிறேன்” என்றார். 14 மாதமாக என் கிரெடிட் கார்டில்தான் வாங்குகிறேன். இதுவரை 6,000 திரும்பி வந்தது. கார்டில் 18,000 பாக்கி. நிறுத்தினால் அந்தக் குடும்பங்கள் மஷோனிசாவிடம் (உரிமமில்லாத வட்டிக்காரரிடம்) போய்விடும் என்று பயம். இப்போது கோயில் கூரையில் சோலார் போட மச்சான் ஜாமீன் கையெழுத்து கேட்கிறார். ஒரு டோக்கன் (கரண்ட் ஏற மீட்டரில் அழுத்தும் எண்) ரசீதையும் இணைத்திருக்கிறேன். என்ன செய்வது? (பெயர் வேண்டாம்)

பதில்: கார்டு வட்டி எப்படி ஏறும் என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடிதத்தின் பின்பக்கத்தில் நீங்களே கணக்குப் போட்டிருக்கிறீர்கள். கணக்கு தெரிந்தும் மாதாமாதம் 20ஆம் தேதி வாட்ஸ்அப்பில் மீட்டர் படம் வந்ததும் கார்டை எடுக்கிறீர்களே, அந்தப் பழக்கத்தைப் பற்றி மட்டும் பேசுவோம்.

ஒன்பது குடும்பம், 200 ராண்ட், 14 மாதம். 25,200 போயிருக்கிறது. மச்சான் தந்தது 6,000. குறைந்தபட்சத் தவணையைச் சம்பளத்திலிருந்து கட்டிக்கொண்டே வந்தும் 18,000 நிற்கிறது. ஆண்டுக்குச் சுமார் 20 சதவீதம் என்று வைத்தால் மாத வட்டி மட்டும் 300 ராண்ட். யூனிட் 3 ராண்ட் என்று தோராயமாகப் பிடித்தால், அது 100 யூனிட். அதாவது இரண்டு வீட்டுக்குத் தலா 50 யூனிட் கொடுக்கக்கூடிய பணம், ஒரு பல்புகூட எரியாமல் வங்கிக்குப் போகிறது.

50 என்று சும்மா சொல்லவில்லை. ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 50 யூனிட் இலவசம் என்பது தென்னாப்பிரிக்காவில் 2003 முதல் அரசுக் கொள்கை. மாநகராட்சியின் வறியோர் பட்டியலில் பெயர் பதிந்திருக்க வேண்டும். ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும். மாதப் பயன்பாடு குறைவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சில இடங்களில் உண்டு. வார்டு கவுன்சிலர் அலுவலகத்தில் கேட்டால் படிவம் கிடைக்கும். உங்கள் ஒன்பது பேரில் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. யாரும் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். கோயில்களில் இது சகஜம். கூழ் ஊற்ற ஐம்பது பேர் வருவார்கள், படிவம் நிரப்ப ஒருவர் வரமாட்டார்.

சொந்த மீட்டர் உள்ளவர்கள் ஆறு பேர் என்கிறீர்கள். ஆறு பேருக்கும் கிடைத்தால் 300 யூனிட், ஏறக்குறைய 900 ராண்ட். நீங்கள் மாதம் போடும் 1,800இல் சரிபாதி! பதிந்த பிறகும் இலவச டோக்கனை மாதாமாதம் கேட்டு வாங்க வேண்டியிருக்கும், விட்டுவிட்டால் பொதுவாக அடுத்த மாதத்துக்குச் சேராது. அதை நினைவுபடுத்த உங்கள் வாட்ஸ்அப் குழு போதும். பின்கட்டில் வாடகைக்கு இருக்கும் மற்ற மூன்று குடும்பங்களுக்குத் தனி மீட்டர் கிடையாது, அதனால் இந்தச் சலுகை அவர்களிடம் போய்ச் சேராது. கோயில் பணம் போக வேண்டிய இடம் அதுதான். மூன்று பேருக்கு 600 ராண்ட். வெள்ளிக்கிழமை உண்டியலில் இருக்கும் பணம்.

அப்புறம் அந்த ரசீது. நல்லவேளை இணைத்தீர்கள். இருபது இலக்க எண்ணை மட்டும் பார்த்து அனுப்பியிருக்கிறீர்கள், அதற்குக் கீழே பார்க்கவில்லை. 200 ராண்டில் 100 பழைய பாக்கிக்குப் பிடித்தம், மீதிக்கு 33 யூனிட். பாக்கி உள்ள மீட்டரில் வாங்கும் பணத்தில் ஒரு பங்கை முதலில் கடனுக்கு எடுத்துக்கொள்ளும் முறை பல மாநகராட்சிகளில் உண்டு. அந்த அம்மாவுக்குக் கரண்ட் கொடுப்பதாக நினைத்து, 20 சதவீத வட்டிக்கு வாங்கி அவருடைய பழைய பில்லை அடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவரை மாநகராட்சி அலுவலகத்துக்கு அழைத்துப்போய், பாக்கிக்குச் சிறு தவணை கேளுங்கள். ஒரு காலைப்பொழுது லீவு போட்டாலும் பரவாயில்லை.

மஷோனிசா பயம் நியாயமானதுதான். முதியோர் உதவித்தொகை அட்டையையே பிடுங்கி வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அட்டையையும் ரகசிய எண்ணையும் கடன் கொடுத்தவர் வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம், தேசியக் கடன் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் அவர்கள் கடன்படாமல் இருக்க நீங்கள் கடன்படுவது என்ன ஏற்பாடு? கடன் ஆள் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இனி உங்கள் பணம். இந்த மாதத்திலிருந்து கார்டில் டோக்கன் வாங்குவது நின்றது. மாதம் 1,500 கட்டினால் 14 மாதத்தில் பாக்கி தீரும். அதற்குப் பிறகும் கொடுக்க மனமிருந்தால் மாதம் 300, அதுவும் கோயில் கணக்கில் போட்டு ரசீது வாங்குங்கள். ஏழை நலப் பணிக்கு என்று கோயிலுக்கு வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவு அனுமதி இருந்தால், வரிக்குட்பட்ட வருமானத்தில் 10 சதவீதம் வரையான நன்கொடைக்குக் கழிவு உண்டு. திருவிழாவுக்குக் கொடுப்பதற்கு அது பொருந்தாது. உங்கள் கார்டில் நேராக யார் மீட்டருக்கோ ஏற்றியதற்கும் பொருந்தாது. 25,200க்கும் ஒரு ரசீதுகூட இல்லையே!

சோலார் விஷயத்துக்கு எனக்குப் பொறுமை குறைவு. கடன் தவணை மாதம் 2,400, அறுபது மாதம்: 1,44,000 ராண்ட். கோயிலின் கரண்ட் பில் மாதம் 1,100தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பில் முழுவதும் பூஜ்யமானாலும் மாதம் 1,300 கையை விட்டுப் போகும். 2023இல் மணிக்கணக்கில் லோட் ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) இருந்த காலத்தில் எழுதிய விற்பனைப் பேச்சை இன்னும் ஒப்பித்துக்கொண்டு வருகிறார்கள். கோயில் கூரையில் பலகை வைத்தால் அந்த ஒன்பது வீட்டில் எந்த மீட்டரில் யூனிட் ஏறும்? வசூல் குறைந்த மாதம் கடன்காரர் தேடி வருவது தலைவரை அல்ல, ஜாமீன் போட்ட உங்களை.

மச்சானிடம் எப்படிச் சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் வைத்துப் பேசாதீர்கள், மனைவியை நடுவில் நிறுத்தாதீர்கள். கமிட்டிக் கூட்டத்தில், பொருளாளர் எதிரில், ஒரு தாளில் மூன்று எண்: கொடுத்தது 25,200, வந்தது 6,000, வர வேண்டியது 19,200. அதைக் கோயில் கணக்குப் புத்தகத்தில் கடனாக எழுதச் சொல்லுங்கள். முழுதும் வராது என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள், ஆனால் எழுதியிருக்க வேண்டும். ஜாமீன் பேப்பர் இப்போது உங்கள் வீட்டில்தானே இருக்கிறது? அதையும் அன்றைக்கே கையெழுத்தில்லாமல் மேசைமேல் வைத்துவிட்டு வாருங்கள்.