காக்-ஏ பாசிட்டிவ்: மறுபரிசோதனை தேவையா?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. எண்டோஸ்கோபியில் சிறுகுடல் தொடக்கத்தில் புண்ணும் ‘ஹெலிகோபாக்டர் பைலோரி’ கிருமியும் இருப்பது தெரிந்தது. இரத்தப் பரிசோதனையில் ‘காக்-ஏ பாசிட்டிவ்’ என்று வந்ததால் புற்றுநோய் வருமோ என அஞ்சுகிறோம். 14 நாள் மருந்து முடிந்துவிட்டது. மீண்டும் காக்-ஏ பார்க்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்தப் பரிசோதனை காட்டுவது கிருமியை அன்று; கிருமியின் காக்-ஏ என்ற புரதத்துக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளைத்தான். கிருமி முற்றிலும் அழிந்த பின்னரும் அது மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் தங்கியிருக்கும் என்பதால், மருந்து பலித்ததா என்பதை இதைக் கொண்டு சொல்ல இயலாது.

உங்கள் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பைலோரி தன் மேற்பரப்பிலுள்ள ஹாப்-க்யூ புரதத்தால் இரைப்பைச் செல்களின் சீகாம் புரதங்களைப் பற்றிக்கொண்டு, ஊசி போன்ற ஓர் அமைப்பின் வழியே காக்-ஏவைச் செல்லுக்குள் செலுத்துகிறது. உள்ளே வந்த காக்-ஏமீது பாஸ்பேட்டை ஏற்றுபவை, வியப்பாக, நம் செல்லுக்கே உரிய நொதிகள். அவ்வாறு மாறிய காக்-ஏ, வளர்ச்சிச் சமிக்ஞைகளைக் கையாளும் ஷிப்-2 புரதத்தோடு பிணைந்து அதை மிகையாக இயக்குகிறது. பார்-1 என்ற மற்றொரு புரதத்தை முடக்கி, செல்களுக்கிடையிலான இணைப்பையும் தளர்த்துகிறது. ஆய்வகத்தில் வளர்க்கப்படும் இரைப்பைச் செல்கள், இக்கிருமி பட்ட சில மணி நேரத்தில் தேன்சிட்டின் அலகுபோல் ஒடுங்கி நீள்வதை நுண்ணோக்கியில் காணலாம்.

ஆனால் ஜப்பானிலும் கொரியாவிலும் பரவலாக உள்ள காக்-ஏ வகையே ஷிப்-2உடன் மிக வலுவாகப் பிணைவது. இந்தியாவில் பெரும்பாலும் காணப்படுவது அதனினும் வலுக்குறைந்த வகை. இங்கு இத்தொற்று உள்ளோரில் மிகப் பெரும்பாலோரிடம், எந்தத் தொல்லையும் இல்லாதவர்களிடமும்கூட, காக்-ஏ மரபணு கொண்ட கிருமியே இருக்கிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் இக்கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது உண்மைதான். ஆயினும் தொற்று உள்ளவர்களில் மிகச் சிலருக்கே புற்றுநோய் வருகிறது. காக்-ஏ இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிகிச்சை ஒன்றே. அந்தப் பரிசோதனைக்கான செலவைத் தவிர்த்திருக்கலாம் என்பதே என் கருத்து.

இப்போது பார்க்க வேண்டியது கிருமி சுரக்கும் யூரியேஸ் நொதியை. யூர்-ஏ, யூர்-பி என்ற இரு புரதங்கள் இணைந்து உருவாகும் இந்நொதி நிக்கல் இன்றி இயங்காது. நிக்கலை உரிய இடத்தில் பொருத்துவதற்கென்றே துணைப் புரதங்கள் சில உள்ளன. சுற்றிலும் அமிலம் மிகும்போது யூர்-ஐ என்ற வாயில் திறந்து யூரியாவை உள்ளே விட, நொதி அதை அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்கிறது. அம்மோனியா அமிலத்தைத் தணித்துக் கிருமியைக் காக்கிறது. கார்பன் டை ஆக்சைடோ மூச்சில் வெளியேறிக் கிருமியைக் காட்டிக்கொடுக்கிறது. கார்பன்-13 (சாதாரணக் கார்பனைவிடச் சற்றுக் கனமான கார்பன்) கொண்ட யூரியாவைக் குடிப்பதற்கு முன்பும், குடித்து ஏறத்தாழ அரை மணி நேரம் கழித்தும் பையில் ஊதச் சொல்லி, இரண்டையும் ஒப்பிடுவதே யூரியா மூச்சுப் பரிசோதனை. அவ்வசதி இல்லாத ஊரில் மலத்தில் கிருமியின் புரதங்களைத் தேடும் மல ஆன்டிஜன் பரிசோதனை போதும்.

கடைசி ஆன்டிபயாடிக் மாத்திரை முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்தே இதைச் செய்ய வேண்டும். பாண்டோபிரசோல் போன்ற அமிலக்குறைப்பு மாத்திரைகளைப் பரிசோதனைக்கு 2 வாரம் முன்பே நிறுத்துவது அவசியம். அவை கிருமியின் எண்ணிக்கையையும் யூரியேஸின் செயலையும் குறைத்துவிடுவதால், கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். அவருக்கு இரத்தக்கசிவு ஏற்பட்டிருந்தாலோ, ஆஸ்பிரின் உட்கொள்பவராக இருந்தாலோ நீங்களாக நிறுத்த வேண்டாம். இடைக்காலத்துக்கு ஃபாமோடிடின் போன்ற மாற்று மருந்தை மருத்துவர் தருவதுண்டு. மலம் தார்போல் கறுத்துப் போனால் பரிசோதனை நாளுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கிருமி இன்னும் இருப்பதாகத் தெரிந்தால், பழைய சீட்டைக் காட்டி அதே மருந்தை மறுபடி வாங்கிவிடாதீர்கள். முதல் சுற்றில் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் இருந்திருந்தால், அதை விடுத்து பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்து முறைக்கு மாற்றுமாறு குடல்நோய் நிபுணரிடம் கேளுங்கள்.